அவங்க மூக்கு எப்படிங்க, டீச்சர்?

டீச்சர்,

நேற்று ராசிபுரத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை ஓய்ந்து லேசாக வெயில் எட்டிப் பார்த்த நேரம். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லைத் தாண்டும்போது அந்த வாடை உள்ளே வந்தது. மரவள்ளிக் கிழங்குத் தண்ணீர் தேங்கிப் புளித்து, நனைந்த திப்பிச் சக்கையோடு சேர்ந்து எழும்புகிற வாடை. ஜன்னலோரம் இருந்த பெண் சட்டென்று கண்ணாடியை இழுத்தாள். "கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

நீங்களும் முதல் வருஷம் என்னை அப்படித்தான் பார்த்தீர்கள். புதுச்சத்திரத்தில் ஏறுவீர்கள். என் சாப்பாட்டுப் பையை நகர்த்தி உங்களுக்கு ஜன்னலோரத்தைக் கொடுப்பேன். மில் வரும்போது நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். நானோ மூச்சை இழுத்து வாங்கிக்கொண்டிருப்பேன். "ஏனுங்க டீச்சர், இது என்ன மல்லிப்பூவாங்க?" என்று ஒருநாள் கேட்டீர்கள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். சொல்வதற்கு அப்போது தைரியமில்லை.

உங்களை எங்கள் பள்ளிக்கு மாற்றிப் போட்டபோது டிராயிங் டீச்சர் என்று ஒருவர் வருவதையே நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பீரியடை நாங்கள்தான் கடன் வாங்கிக்கொள்வோம். நான் அறிவியல். என் வகுப்புச் சார்ட்டுகள் எல்லாம் நைந்து போயிருந்தன. நீங்கள் வந்த மாதத்திலேயே ஒரு தவளை வரைந்து கொடுத்தீர்கள். உள்ளுறுப்புகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்தத் தவளைக்கு முகத்தில் ஒரு சலிப்பு. வகுப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சலிப்பு. பிள்ளைகள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்ற கேள்விக்கு யாரும் தப்பாக எழுதவில்லை.

நான் கதை எழுதுகிறவள் என்பது உங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நாலைந்து சிறுகதைகள் வந்திருந்தன. அப்போது முதல் நாவலில் இருந்தேன். சேகோ மில்லில் கிழங்குத் தோல் உரிக்கிற ஒரு பெண்ணின் கதை. எழுதிய வரைக்கும் பிரிண்ட் எடுத்து உங்களிடம் கொடுத்தேன். ஒரு வாரம் பேருந்திலேயே படித்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடித்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடித்ததும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னீர்கள்.

"கதை நல்லாருக்குதுங்க டீச்சர். ஆனா இந்தம்மா நாளைக்கு இதே பஸ்ல ஏறுனா எனக்கு அடையாளம் தெரியாதுங்க."

"ஏனுங்க?"

"அவங்க மூக்கு எப்படிங்க?"

"மூக்கு முக்கியமாங்க?"

"மூக்கு வேண்டாமுங்க. நடை? சீலையை எங்க சொருகுவாங்க? கோவம் வந்தா கை எங்க போகும்? ஏதாச்சும் ஒன்னு வேணுமில்லீங்களா?"

நான் அவளைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் 'கருணை நிறைந்த முகம்' என்பதுதான். அங்கங்கே அதையே எழுதியிருந்தேன். அத்தனை இடத்திலும் நீங்கள் அடியில் கோடு போட்டிருந்தீர்கள். "கருணையை நான் எந்தப் பென்சில்லீங்க வரையறது?" என்று கேட்டீர்கள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டீர்கள்.

அன்றைக்குத்தான் சொன்னேன். அது என் அம்மாவின் கதை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள். எனக்கு விவரம் தெரியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் வந்துவிட்டார். ஒரு போட்டோ இல்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. பிறகு எடுக்க நேரமில்லை. கண்ணை மூடினால் முகமே வராது எனக்கு. அந்தப் புளித்த வாடை மட்டும்தான் வரும். அவள் சேலையில் இருந்த வாடை.

மறுநாள் மில் வந்தபோது உங்கள் முந்தானை மூக்குக்குப் போகவில்லை. அதன் பிறகு ஒருநாளும் போகவில்லை.

அம்மாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் மற்றவர்களைப் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தீர்கள். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வரை சாலையின் இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ் பேனர்கள். காதணி விழா, கல்யாணம், புதுக்கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி. நான் அதையெல்லாம் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் பெரிதாக்கிக் காட்டுவீர்கள். நடுவில் நிற்கிறவர்களை ஒதுக்கிவிடுவீர்கள். "இவங்க போட்டோவுக்குன்னு நிக்கறவங்க டீச்சர். ஓரத்துல பாருங்க."

ஒரு காதணி விழா பேனரின் மூலையில் தாய்மாமன் வரிசையில் ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "யாரையோ தேடறாருங்க இவரு" என்றீர்கள். என் நாவலில் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பெண்களைத் திட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கொடுக்கத் தெரியவில்லை எனக்கு. அந்தப் படத்தைப் பார்த்த சனிக்கிழமை அவருக்கு ஒரு மகன் வந்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கென்று வடக்கே போனவன், ஊருக்கே வராதவன். அதன் பிறகு மேஸ்திரி திட்டும்போதெல்லாம் ரோட்டில் ஏதாவது வண்டி நின்றால் பாதித் திட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு திரும்பலில் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினால் போதும் என்று ஆயிற்று.

ஆனால் யார் முகத்தையும் அப்படியே எடுக்க நீங்கள் விடமாட்டீர்கள். "முழுசா எடுத்தா அது திருட்டுங்க" என்பீர்கள். கண் ஒருவரிடமிருந்து, காது இன்னொருவரிடமிருந்து, நிற்கிற தோரணை பேருந்து நிலையத்தில் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து. கிழிந்துபோன இரத்த ஓட்டச் சார்ட்டின் பின்பக்கத்தில் இவர்களை எல்லாம் வரைந்தீர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் இருபது வயதில் எப்படி, அறுபது வயதில் எப்படி என்று சின்னதாக இரண்டு தலைகள். பழைய சேலைத் துண்டுகளை வெட்டி ஒட்டினீர்கள். மில்லின் படமும் போட்டீர்கள். கிழங்கு வண்டி நிற்கிற இடம், தொட்டி, காயப்போடும் களம், பெண்கள் உட்காரும் கொட்டகை. அதைப் பார்த்த பிறகுதான், மேஸ்திரி நிற்கிற இடத்திலிருந்து கொட்டகையின் கடைசி வரிசை தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. அந்தக் கடைசி வரிசையிலிருந்துதான் பாதி நாவல் வந்தது. வீட்டில் அந்தச் சார்ட்டை மாட்டியபோது என் மகள், "இந்தப் பக்கம் இத்தனை பேரு, அந்தப் பக்கம் இதயம்!" என்று சிரித்தாள்.

அம்மாதான் வரமாட்டேன் என்றாள்.

பிறகு நீங்களே கேட்டு வைத்து ஒரு மில்லுக்குக் கூட்டிப்போனீர்கள். கொட்டகையில் வரிசையாகப் பெண்கள். குச்சிக்கிழங்குக் குவியல். கத்தி ஒரு கீறு கீறும், கட்டைவிரல் உள்ளே போகும், தோல் ஒரே சுற்றில் கழன்று விழும். நீங்கள் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டீர்கள். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனை அழகா மூஞ்சியிருக்க, கையைப் போயி வரையறீங்க?" என்றார். கொட்டகையே சிரித்தது. "மூஞ்சிக்கு அப்பறம் வாரேனுங்க" என்றீர்கள் தலை நிமிராமல். நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாவின் கட்டைவிரலும் இப்படித்தான் வெளுத்து ஊறிப்போயிருக்கும் என்று முதல் முறையாகத் தோன்றியது. எத்தனையோ பக்கம் எழுதியிருந்தும் அவளுக்கு ஒரு கட்டைவிரல் இருந்ததை நான் நினைத்ததில்லை.

பிறகு என்னை உட்காரவைத்து நெற்றியை வரைந்தீர்கள். கெங்கவல்லியில் இருக்கிற பெரியம்மாவின் பழைய படம் ஒன்று என்னிடம் இருந்தது. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. அதிலிருந்து கண்கள். என் மகளின் தாடை. அந்த மில்லில் பார்த்த ஒருத்தியின் கழுத்து. பல நாள் அழித்து அழித்து வரைந்து, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாளை என் முன்னால் நகர்த்தினீர்கள்.

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு அழுதேன். உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கதவைச் சாத்தினீர்கள்.

அந்தப் படத்தை மேஜைக்கு எதிரே மாட்டிக்கொண்டு எழுதினேன். வேகமாக வந்தது. கொடுத்ததைப் படித்துவிட்டு நீங்கள் ஒருமுறை தொண்டையைச் செருமினீர்கள். பிறகு தயங்கித் தயங்கி, "படம் போட்டு நான்தான் கெடுத்துட்டனோ என்னமோங்க. சாமி படம் மாதிரி ஆயிட்டாங்க. நீங்க கும்பிட்டுக்கிட்டே எழுதறீங்க டீச்சர்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மாவிடம் காட்டினால் எல்லாம் சரியாகும், அவர் 'ஆமாம், இவள்தான்' என்று சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது. "காட்டித்தான் ஆகணுமாங்க?" என்று கேட்டீர்கள். ஆகணும் என்றேன். அப்படியானால் நானும் வருகிறேன் என்றீர்கள்.

கெங்கவல்லியில் பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கண் நன்றாகத் தெரியும் அவருக்கு. தாளை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருடி இது?"

"அம்மா. உன் தங்கச்சி, பெரிம்மா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லடி. இவ அவ இல்ல."



"அவளுக்கு மூஞ்சி இவ்ளோ அமைதியா ஒருநாளும் இருந்ததில்ல" என்றார் பெரியம்மா. "எந்நேரமும் எதையாவது மென்னுகிட்டே இருப்பா. வாயத் தொறந்தா பொய்யி. என் ரிப்பனை எடுத்துக் கட்டிக்கிட்டு, நான் கேட்டா உன்னுது இல்ல, கடையில வாங்கினேன்னு என்கிட்டயே சொல்லுவா. அப்பறம் விசிலடிப்பா. ஆம்பள தோத்துப் போயிடுவான். மில்லுல மேஸ்திரி வந்தா விசிலடிச்சுதான் எல்லாருக்கும் சொல்லுவாளாம். யாரு அடிச்சதுன்னு அந்தாளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

அம்மா விசிலடிப்பாள் என்பதை நான் என் தலைமுடி நரைத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

நீங்கள் மெதுவாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். பென்சிலும் ரப்பரும் கையில். "அம்மா, எங்க மாத்தணும்னு சொல்லுங்க, மாத்திடறேனுங்க" என்றீர்கள். பெரியம்மா சொல்லச் சொல்ல அழித்து வரைந்தீர்கள். மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம். இல்லை, அவ்வளவு வேண்டாம். புருவம் சேர்ந்த மாதிரி. இல்லை, இப்படி இல்லை. உதடு... உதடு எப்படி... பெரியம்மா கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மொச்சைத்தட்டு மடியிலிருந்து சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. திடீரென்று உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் கண்ணு. வரையாத. நீ வரைய வரைய எனக்குள்ள இருக்கற முகமும் போவுது."

நீங்கள் ரப்பரைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்த அளவு வேகமாக நீங்கள் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. பெரியம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தப்புங்கம்மா, மன்னிச்சிருங்க. வரையலைங்க. இனி வரையவே மாட்டேனுங்க" என்றீர்கள். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். உள்ளே எதையோ தேடிப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் இளகியது. "ம்... இருக்கா" என்றார்.

"இதைக் கிழிச்சுரட்டுங்களாம்மா?"

"எதுக்குக் கிழிக்கற? இவளும் யாரோ ஒருத்திதான். பாவம், இருந்துட்டுப் போவட்டும்."

அதன் பிறகு நம்மைச் சாப்பிடாமல் விடவில்லை. மொச்சைக்குழம்பும் களியும். நீங்கள் இரண்டாம் முறை களி வாங்கிச் சாப்பிட்டீர்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நான் உங்களோடு பேசவில்லை. உங்கள்மேல் கோபமில்லை. யார்மேலும் இல்லை. இருந்த ஒரே ஒரு முகமும் போய்விட்டது, அவ்வளவுதான். ஆத்தூர் தாண்டியது, வாழப்பாடி தாண்டியது. சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கி டீ வாங்கிக் கையில் கொடுத்தீர்கள். கூட்டமும் ஹாரனும். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினீர்கள்.

"டீச்சர், இப்போ ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தங்க உங்கம்மா. அவங்க பெரியம்மாகிட்ட பத்திரமா இருக்காங்க. அவங்களை விட்டுருங்க. இன்னொருத்தி இந்தத் தாள்ல இருக்கறவ. இவளுக்கு யாருமே இல்லைங்க. ஒரு பேருகூட இல்ல. நீங்க இவளை எழுதுங்க."

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போடாத டீ. நீங்கள் ஞாபகமாகச் சொல்லி வாங்கியிருந்தீர்கள்.

"அந்த விசில்? அதை நாவல்ல வைப்பீங்களாங்க?" என்று கேட்டீர்கள்.

"மாட்டேனுங்க" என்றேன். "அது எனக்கு."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அப்போது உங்கள் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்த வாரமே தாளில் இருந்தவளை நீங்கள் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தீர்கள். இனி யாரையும் போல இருக்கவேண்டிய கட்டாயம் இல்லையே. முன்பல் ஒன்றை ஓரத்தில் உடைத்தீர்கள். இடது கையில் கத்தி கீறிய தழும்பு. ஒரு தோளை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்தீர்கள். "எதுக்குங்க இப்படி?" என்றால், "நீங்கதான் சொல்லணுமுங்க" என்பீர்கள். நான் சொன்னேன். சுமை தூக்குகிற தோள் அது. சுமை இல்லாதபோதும் இறங்க மறந்த தோள். அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன். அவள் பொய் சொன்னாள், கிழங்கு திருடினாள், ஒருநாள் மேஸ்திரியின் மகனிடமிருந்து போன் வந்ததாகச் சொல்லி அவரையே ஏமாற்றினாள், பிறகு அதற்காக உட்கார்ந்து அழுதாள். நான் எழுதியதில் அந்த அத்தியாயம்தான் பிடித்ததாக எல்லோரும் சொல்கிறார்கள். கருணை என்ற சொல் நாவலில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்து அழித்துவிட்டேன்.

புத்தகம் வரும்போது அட்டையில் அந்தப் படத்தைப் போடலாம் என்று ஆசைப்பட்டேன். பதிப்பாளரும் ஆசைப்பட்டார். நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அது நீங்க எழுதறதுக்குங்க டீச்சர். கட்டடம் எழும்புனா சாரத்தைப் பிரிச்சுரணும். படிக்கறவங்க அவங்கவங்க ஆளைப் பார்த்துக்கட்டும்." கடைசியில் உரித்த கிழங்குக் குவியலையும் ஒரு கத்தியையும் வரைந்து கொடுத்தீர்கள். ராயல்டி கிடைக்குமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "கிழங்குக்கு யாருங்க ராயல்டி தருவா?" என்றீர்கள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு வந்ததெல்லாம் சீக்கிரம் சீக்கிரமாக வந்தது. மார்பில் கட்டி என்றார்கள். சேலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தீர்கள். பேருந்தில் ஜன்னலோரம் காலியாகவே இருக்கும். புதுச்சத்திரம் வந்ததும் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வருவேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அடுத்த நாவலில் யார் யார் என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்பீர்கள். வரைய முடியவில்லை. ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. "செருப்பை எங்க கழட்டி வைப்பாருங்க அவரு?" "யாரு கூப்பிட்டா மொதல்ல திரும்புவாருங்க?" ஒருநாள் உங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள போனை எடுத்தேன். கையால் மறைத்துக்கொண்டீர்கள். "இந்த மூஞ்சி வேண்டாமுங்க டீச்சர்" என்றீர்கள். நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்கள் காலைப் பிடித்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனீர்கள்.

நீங்கள் போன அன்று காலை உங்கள் வீட்டுக்காரர்தான் போன் செய்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, "நல்ல போட்டோ ஒன்னு இருந்தா அனுப்புங்க சாமி. பேனருக்கு வேணுமாம்" என்றார்.

போனில் தேடினேன், டீச்சர். உங்களோடு போன இடங்கள் எல்லாம் இருந்தன. மில், கெங்கவல்லி, திருச்செங்கோட்டு மலைப்படி, பள்ளி ஆண்டு விழா. எல்லாப் படமும் நீங்கள் எடுத்து அனுப்பியவை. அதனால் எதிலும் நீங்கள் இல்லை. ஒன்றே ஒன்றில் இருந்தீர்கள். மில் கொட்டகையில் குனிந்து வரைந்துகொண்டிருக்கும்போது நான் எடுத்தது. பின்னல் மட்டும்தான் தெரிகிறது. அதை எப்படி அனுப்புவது?

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பேனர் கடைக்காரர் முகத்தை வெள்ளையாக்கி, சுருக்கத்தை எல்லாம் துடைத்து, நீங்கள் ஒருநாளும் உடுத்தாத பட்டுச் சேலையை ஒட்டி, பின்னால் மேகங்களைப் போட்டு வைத்திருந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர் மாதிரியே இல்லீங்களே டீச்சர்" என்று தேம்பினாள். அவளை அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அந்தப் பேனர் முகம் பொல்லாதது. சில நாட்களில் உங்களை நினைத்தாலே அதுதான் முதலில் வந்து நின்றது. மேகங்களோடு. பெரியம்மா ஏன் அப்படிப் பதறினார் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அவர் செய்ததையே நானும் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, வேறு எந்தப் படத்தையும் பார்க்காமல் காத்திருந்தேன். சின்னச் சின்னதாக வந்தீர்கள். ஜன்னலோரத்தில் உங்கள் முழங்கை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற விரல். பிடிக்காததைச் சொல்லும் முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவது. மூக்கு கடைசியில்தான் வந்தது. வலது பக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு. சிரித்தால் இன்னும் சாயும். வந்ததும் 'இருக்கீங்க' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

இப்போதும் எழுதுகிறேன். உங்கள் கேள்விகளோடுதான் எழுதுகிறேன். ஒருவரைப் பற்றி நல்லவர், கெட்டவர் என்று எழுத வரும்போதெல்லாம் உங்கள் செருமல் கேட்கிறது. நிறுத்திவிட்டு, அவர் செருப்பை எங்கே கழற்றுவார் என்று யோசிக்கிறேன். சார்ட்டின் பின்பக்கத்தில் நானே வரையவும் செய்கிறேன். கோணல்மாணலாக வருகிறது. வெளியில் காட்ட முடியாது. ஆனால் எழுதப் போதுமானதாக இருக்கிறது.

நேற்றுப் பேருந்தில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். மேச்சேரியிலிருந்து ஒரு பெண். நாவலை யாரோ கொடுத்துப் படித்தாராம். பதிப்பாளரிடம் எண் வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க, எங்க அத்தையை நீங்க எங்கீங்க பாத்தீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

"எந்த அத்தைங்க?"

"எங்க மாமியாருங்க. புஸ்தகத்துல வர்றாங்களே, அப்படியே அவங்கதானுங்க. நல்ல ஒசரம். கறுப்பு. ரெண்டு பக்கமும் மூக்குத்தி. நடந்து வந்தா வூடே அதிருமுங்க. இப்படித்தான் பொய் சொல்லி எங்களை எல்லாம் ஏமாத்திட்டு, அப்பறம் அவங்களே அழுவாங்க."

நான் எழுதியவள் குள்ளம், டீச்சர். மூக்குத்தியே கிடையாது. நீங்கள் வரைந்ததும் அப்படி இல்லை. ஆனால் அந்தப் பெண் அத்தனை நிச்சயமாகச் சொன்னார். எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

"நான் பாத்ததில்லைங்க" என்றேன். "என் சிநேகிதி ஒருத்தங்க பாத்திருக்காங்க."

"அப்படீங்களா! எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றார். "அத்தை போயி ரெண்டு வருசமாச்சுங்க. ஊட்ல அவங்க பேரை எடுத்தாலே மாமா எந்திரிச்சுப் போயிருவாரு. நேத்து இதை நான் சத்தமா படிச்சுக் காட்டுனனுங்க. மாமா உக்காந்து கேட்டாரு. கேட்டுட்டு, அத்தை சொன்ன பொய்யெல்லாம் ஒன்னொன்னா எடுத்து விட்டாருங்க. சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயித்து வலியே வந்துருச்சுங்க. உங்க சிநேகிதிகிட்டயும் சொல்லிருங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.

மேச்சேரியில் ஒரு வீட்டில் வெகுநாள் கழித்துச் சிரித்திருக்கிறார்கள், டீச்சர். உங்களிடம் சொல்லச் சொன்னார்கள்.